பொலிஸ் நிலையத்துக்குள்ளை கமரா பூட்டினால் அடி நிண்டிடுமோ?

இணுவிலான் — 2025 ஒக்டோபர் 3, இரவு 8.40

நேரை கேக்கிறன். ஒவ்வொரு பொலிஸ் நிலையத்திலையும் ஆறு கமரா, ஒரு பதிவுப் பெட்டி. ஒரு பழைய மோட்டச்சைக்கிள் வாங்கிற காசுக்குள்ளை முடிஞ்சிடும். பிறகென்னத்துக்கு ஒவ்வொரு முறையும் “அடிச்சவங்கள்”, “அடிக்கேல்லை” எண்ட இழுபறி? கமரா பூட்டினால் கதை முடிஞ்சுது. பிழையெண்டால் சொல்லுங்கோ.

வயர்மேன் — ஒக்டோபர் 3, இரவு 9.05

பிழை. தமிழ்நாட்டிலை தகப்பனும் மகனும் பொலிஸ் அடியிலை செத்த சாத்தான்குளம் நிலையத்திலை 2020இலை கமராவும் இருந்தது, 1 டெராபைட் பதிவுத் தட்டும் (ஹாட் டிஸ்க்) இருந்தது. விசாரிக்கப்போன நீதவான் என்ன கண்டவர்? ஒவ்வொரு நாளும் தானா அழியிற மாதிரிப் பெட்டியை அமைச்சு வைச்சிருந்தவை. இடம் காணாமல் அழியேல்லை. அழியச் சொல்லி வைச்சதாலை அழிஞ்சது. பெட்டியின்ர கடவுச்சொல் ஆரிட்டை எண்டதுதான் கேள்வி, கமரா எத்தினை எண்டது இல்லை.

1 டெராபைட்டிலை ஒரு மாசப் படம் நிக்கும், அதுவும் ஞாபகம் வைச்சிருங்கோ.

கறுப்புக்கோட்டு — ஒக்டோபர் 3, இரவு 10.31

இணுவிலான், கமரா வரவேற்பு மேசையையும் கூண்டு வாசலையும் பார்க்கும். அடி அங்கே விழுவதில்லை. பின்னாலுள்ள பொலிஸ் விடுதி, ஜீப், சில வேளை நிலையத்துக்கு வெளியே ஒரு பாழ் வளவு. கமரா வந்தால் அடி இடம் மாறும்.

இதில் அடிப்படைச் சிக்கல் வேறு. மற்றக் குற்றங்களில் குற்றம் செய்தவர் ஒருவர், அதை எழுதுபவர் இன்னொருவர். இங்கே இருவரும் ஒருவரே. எத்தனை மணிக்குக் கைது, எங்கே, எப்படி, உடம்பில் காயம் இருந்ததா என்ற எல்லாவற்றையும் தகவல் புத்தகத்தில் எழுதுவது அதே நிலையம். பொலிஸ் நீதவானுக்கு வழக்கைப் பற்றிக் கொடுக்கும் பீ அறிக்கையும் அதிலிருந்துதான் வருகிறது. ஆகவே பொலிஸ் புத்தகத்துக்குள் உண்மையைத் தேடி மினக்கெட வேண்டாம். பொலிஸின் கையில் இல்லாத மணிக்கூட்டோடு அந்தப் புத்தகம் எங்கே முட்டுகிறது என்று பாருங்கள். பிடிபட்டவை பெரும்பாலும் அங்கேதான் பிடிபட்டன.

உதாரணம் கைது நேரம். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம், 37ஆம் பிரிவு: 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் கொண்டுபோக வேண்டும். நடைமுறையில் செவ்வாய் பின்னேரம் “ஒரு விசாரணை, வந்திட்டுப் போங்கோ” என்று கூட்டிப்போவார்கள். வியாழன் காலை கைது என்று எழுதுவார்கள். 24 மணித்தியாலம் வியாழனிலிருந்து ஓடும். நடுவிலிருந்த ஒன்றரை நாள் எந்தக் கடதாசியிலும் இல்லை. அடி விழுந்தது அந்த ஒன்றரை நாளில்.

இதை உடைக்கிறது சின்ன விசயம்தான். வீட்டார் செவ்வாய் இரவே மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்து முறைப்பாட்டு இலக்கம் வாங்கியிருந்தால், கைதுக்கு முன்னரே கைதைப் பற்றிய முறைப்பாடு பதிவாகியிருக்கிறது. அதற்குப் பொறுப்பதிகாரி என்ன விளக்கம் சொல்வார்?

மாலுசந்தி — ஒக்டோபர் 4, காலை 6.50

24 மணித்தியாலம் எண்டு முழுசாச் சொல்லாதேங்கோ அண்ணை. கைது செய்த இடத்திலையிருந்து நீதவானிட்டைப் போற பயண நேரம் அதுக்குள்ளை சேராது. நெடுந்தீவிலை பிடிச்சால் குறிகட்டுவான் வள்ளத்துக்கு நிண்ட நேரத்தையும் பயணம் எண்டு காட்டுவினம். பயங்கரவாதத் தடைச்சட்டம் எண்டால் கதையே வேறை. தடுப்பு உத்தரவு ஒருமுறைக்கு மூண்டு மாசம், நீட்டி நீட்டி முந்தி 18 மாசம், 2022 திருத்தத்துக்குப் பிறகு 12 மாசம்.

கறுப்புக்கோட்டு — ஒக்டோபர் 4, காலை 7.20

சரி, பயண நேரம் விலக்கு. ஆனால் யாழ் நகரத்துக்குள் பிடித்தவருக்கு அந்தச் சாட்டு எடுபடாது.

பயங்கரவாதத் தடைச்சட்டக் கைதென்றால், 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க மனித உரிமைகள் ஆணைக்குழுச் சட்டம் 28ஆம் பிரிவின்படி 48 மணித்தியாலத்துக்குள் கைதையும் தடுத்து வைத்திருக்கும் இடத்தையும் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும். அறிவித்தார்களா, எத்தனை மணிக்கு என்று ஆணைக்குழுவில் கேட்கலாம். அதுவும் வெளியிலுள்ள ஒரு மணிக்கூடு.

இன்னொன்று: வெள்ளி பின்னேரக் கைதைக் கவனியுங்கள். சனி, ஞாயிறில் பதில் நீதவான் வீட்டில் முற்படுத்துவார்கள். திறந்த மன்று இல்லை, பக்கத்தில் சட்டத்தரணி இருப்பது அருமை. “அடித்தார்களா?” என்ற கேள்விக்குப் பொலிஸ்காரர் முழங்கை முட்டும் தூரத்தில் நின்றுதான் பதில் வரும்.

மூண்டாம்வாட்டு — ஒக்டோபர் 4, பிற்பகல் 1.15

சட்டம் பேசியாயிற்று, இனி உடம்பு.

பொலிஸ் கொண்டுவரும்போது கையில் எம்.எல்.ஈ.எஃப். என்ற சட்ட வைத்தியப் பரிசோதனைப் படிவம் இருக்கும். அதில் சம்பவச் சுருக்கத்தைப் பொலிஸே எழுதியிருக்கும்: “தப்பியோட முயன்று விழுந்தார்.” நோயாளி சொல்வதை வைத்தியர் வேறாகக் கேட்டு எழுத வேண்டும். சித்திரவதைக் காயங்களைப் பதிவதற்கான ஐ.நா. வழிகாட்டியான இஸ்தான்புல் நெறிமுறை சொல்வது, பொலிஸ் கண்ணிலும் காதிலும் படாத தூரத்தில் நிற்க வேண்டும் என்று. நிற்க மறுத்தால் அதையும் அறிக்கையில் எழுதலாம். “பரிசோதனையின்போது பொலிஸ் உத்தியோகத்தர் அறைக்குள் இருந்தார்” என்ற ஒரு வரி பிறகு நீதிமன்றத்தில் பெரிதாக உதவும்.

ஒரே நாளில் பார்த்தால் காயம் இல்லை என்று வரலாம். ஆழத்திலுள்ள கண்டல் மேலே தெரிய ஒன்றிரண்டு நாள் பிடிக்கும். அதனால் 48, 72 மணித்தியாலம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்லி நீதவானிடம் கேளுங்கள். நிறத்தை வைத்து “இது மூன்றாம் நாள் கண்டல்” என்று அடித்துச் சொல்லும் அறிக்கையை நம்ப வேண்டாம். மஞ்சள் நிறம் வந்துவிட்டால் 18 மணித்தியாலத்துக்கு மேல் என்று சொல்லலாம். அதற்கு அப்பால் ஊகம்.

பொல்லால் அடித்தால் இரண்டு சமாந்தரக் கோடு, நடுவில் வெளிறல். உள்ளங்காலில் அடித்தால் சில நாளில் வெளியே ஒன்றும் தெரியாது, ஆனால் நடக்க நோகும். இரண்டு கையாலும் காதைப் பொத்தி அறைந்தால் செவிப்பறை கிழியும். சின்னக் கிழிசல் சில வாரத்தில் தானாக மூடிவிடும், ஆகவே காது மூக்கு தொண்டை வைத்தியரிடம் முதல் வாரத்திலேயே காட்ட வேண்டும். கையைப் பின்னால் கட்டித் தூக்கினால் தோள்பட்டை நரம்பு இழுபடும். கை விறைப்பு, தோள் எலும்பு முதுகில் துருத்துதல். இதில் மட்டும் அவசரம் பிழை. நரம்புக் கடத்தல் சோதனையில் முழுசாகத் தெரிய மூன்று வாரம் அளவில் ஆகும்.

பெற்றோல் ஊற்றிய பொலித்தீன் பையை முகத்தில் போட்டால் பெரும்பாலும் தடயமே இராது. மூக்கைச் சுற்றித் தோல் எரிவு, கண் வெள்ளையில் பொட்டு இரத்தம், அவ்வளவுதான், அதுவும் இருந்தால். அன்று போட்டிருந்த சேட்டைத் தோய்க்காமல் கடதாசிப் பையில் வையுங்கள். பொலித்தீனில் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

இணுவிலான் — ஒக்டோபர் 4, பிற்பகல் 1.48

“தப்பி ஓடேக்கை வேலியிலை விழுந்தவர்” எண்டு எழுதினால் என்ன செய்யிறது? எங்கடை ஊரிலை எல்லாம் வேலிதானே.

மூண்டாம்வாட்டு — ஒக்டோபர் 4, பிற்பகல் 2.02

கிளுவை முள்ளுக் கீறும், குத்தும். கருக்கு மட்டை பல்லுப் பல்லாய்ச் சிராய்க்கும். முதுகில் சம அகலத்தில் நாலு இரட்டைக் கோடு போடும் கிளுவையை இன்னும் ஒருவரும் நட்டதில்லை. ஓடி விழுந்தவருக்கு முழங்கால், உள்ளங்கை, நாடி, இவைதான் முதலில் போகும். முதுகும் உள்ளங்காலும் இல்லை.

மாலுசந்தி — ஒக்டோபர் 4, இரவு 9.30

வைத்தியர் ஒண்டை விட்டிட்டார், மறியற்சாலை. விளக்கமறியலுக்கு ஆளை எடுக்கேக்கை சிறைச்சாலைக்காரர் உடம்பைப் பாத்து, காயத்தை அனுமதிப் பதிவேட்டிலை எழுதுவினம். மனித உரிமை விருப்பத்திலை எண்டு நினைக்காதேங்கோ. பேந்து ஆள் செத்தால் பழி தங்கடை தலையிலை விழும் எண்ட பயம். ஒரு அரச திணைக்களம் மற்றதுக்கு எதிரா விருப்பமில்லாமல் சாட்சி சொல்லுற இடம் அது. நீதவான் முன்னாலை வாய் திறக்காதவர்கூட அங்கை சேட்டைக் கழட்டித்தான் ஆகவேணும்.

கறுப்புக்கோட்டு — ஒக்டோபர் 5, காலை 8.10

நல்ல இடம் தொட்டீர்கள். 2023 நவம்பர் வட்டுக்கோட்டை விசயத்தை நினைத்துப் பாருங்கள். பொலிஸ் பிடித்த 26 வயது இளைஞர் விளக்கமறியலில் இருக்கும்போது 19ஆம் திகதி இறந்தார். தன்னை என்ன செய்தார்கள் என்று அவர் தன் வாயாலேயே சொன்ன காணொளி வெளியே வந்தது. பிரேத பரிசோதனை, நீதவான் விசாரணை, பொலிஸார் கைது என்று அது நகர்ந்தது.

அப்படியொரு காணொளிக்குச் சட்டப் பெறுமதி உண்டு. சாட்சியக் கட்டளைச் சட்டம் 32(1): இறந்தவர் தன் இறப்புக்குக் காரணமான சூழ்நிலை பற்றிச் சொன்னது ஏற்கப்படும். சாகப்போகிறேன் என்று தெரிந்து சொல்லியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் எங்கள் சட்டத்தில் இல்லை.

2016 ஒக்டோபர் 20 குளப்பிட்டியும் அப்படித்தான். மோட்டார் சைக்கிளில் வந்த இரண்டு பல்கலைக்கழக மாணவர்கள். முதற்கதை வீதி விபத்து. பிரேத பரிசோதனையில் துப்பாக்கிச் சூடு தெரிந்தது, ஐந்து பொலிஸார் கைதானார்கள். 2011இல் சுன்னாகம் பொலிஸார் பிடித்தவரின் உடல் கிளிநொச்சி இரணைமடுக் குளத்தில் கிடந்தது. தப்பியோடிக் குளத்தில் பாய்ந்தார் என்பது கதை. சித்திரவதைக் குற்றத்துக்காக யாழ் மேல் நீதிமன்றம் பொலிஸாருக்குத் தண்டனை விதித்தபோது 2017. மூன்றிலும் கதையைப் பொலிஸ் எழுதியது, உடலை இன்னொருவர் வாசித்தார்.

சங்கடம் என்னவென்றால் மூன்றிலும் ஆள் செத்த பிறகுதான் வாசிப்பு. உயிரோடு வெளியே வந்தவர்களின் உடம்பை யாரும் அந்தக் கவனத்தோடு வாசிப்பதில்லை.

வயர்மேன் — ஒக்டோபர் 5, காலை 8.44

காணொளி எடுக்கிற ஆக்களுக்கு: நிப்பாட்டி நிப்பாட்டி எடுக்காதேங்கோ, ஒரே ஓட்டம். தொடக்கத்திலை திகதி, நேரம், இடம் வாயாலை சொல்லவேணும். வாட்சப்பிலை அனுப்பினால் படம் சுருங்கும், உள்ளை இருக்கிற நேரத் தரவும் போயிடும். அனுப்பத்தான் வேணுமெண்டால் ஆவணமா இணைச்சு அனுப்புங்கோ. எடுத்த போனிலை இருக்கிற மூலப் பிரதியை அழிக்கவும் வேண்டாம், போனை விக்கவும் வேண்டாம்.

கறுப்புக்கோட்டு — ஒக்டோபர் 5, காலை 9.00

சேர்க்க: 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சாட்சிய விசேட ஏற்பாடுகள் சட்டத்தில், அத்தகைய பதிவை வழக்கில் பாவிக்க, வழக்கு விசாரணைத் திகதிக்கு 45 நாள் முன்னரே எதிர்த்தரப்புக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும். இதை மறந்து நல்ல காணொளியோடு மன்றில் நிற்பவர்கள் உண்டு.

தாவடிச்சந்தி — ஒக்டோபர் 6, இரவு 7.15

அடியைப் பற்றியே கதைச்சுக்கொண்டிருக்கிறியள். றோட்டிலை வாங்கிற காசு? மணல் லொறி?

மாலுசந்தி — ஒக்டோபர் 6, இரவு 8.02

அது அடியைவிடக் கண்டுபிடிக்கக் கஷ்டம். அடி வாங்கினவர் கத்துவார். காசு குடுத்தவர் ஏன் கத்தப்போறார்? தண்டச் சீட்டு எண்டால் தபால் கந்தோர் வரிசை, 14 நாள் தவணை, தாண்டினால் இரட்டிப்பு. ஆயிரம் ரூவாயோடை முடிஞ்சால் ரெண்டு பேருக்கும் லாபம். குடுக்கிறதும் குற்றம் எண்டதாலை குடுத்தவரின்ர வாயும் அடைபடும்.

முன்கூட்டிச் சொன்னால்தான் பிடிக்கலாம். இலஞ்ச ஊழல் ஆணைக்குழு, தொலைபேசி இலக்கம் 1954. கேட்டவுடனை குடுக்காமல் தவணை வாங்கி, ஆணைக்குழுவுக்குச் சொல்லி, நோட்டு இலக்கம் குறிச்சுக் குடுக்கிறது. குடுத்துப்போட்டு முறைப்பாடு செய்தால் சொல்லுக்குச் சொல்தான் மிச்சம்.

மணலிலை ஆளைப் பிடிக்க நிக்காமல் எண்ணிப் பாக்கவேணும். அனுமதிப் பத்திரத்திலை லொறி இலக்கம், திகதி, கன அளவு எல்லாம் கிடக்கும். வடமராட்சி கிழக்கிலையிருந்து ஒரு இரவிலை சோதனைச் சாவடி தாண்டின லொறி எத்தினை, அண்டைக்கு இருந்த பத்திரம் எத்தினை? கழிச்சுப் பாத்தால் சாவடியிலை நிண்டவர் கண்ணை மூடிக்கொண்டிருந்த அளவு தெரியும். ஒருதரும் வாய் திறக்கத் தேவையில்லை.

கறுப்புக்கோட்டு — ஒக்டோபர் 6, இரவு 10.20

எண்ணிப் பார்ப்பது என்ற யோசனை போதைப்பொருள் வழக்குகளுக்கும் பொருந்தும். “பொருள் வைத்துப் பிடித்தார்கள்” என்ற குற்றச்சாட்டை ஒற்றை வழக்கில் நிரூபிப்பது அரிது. ஒரே உத்தியோகத்தரின் பத்து வழக்குக் குறிப்பை அடுக்கிப் பாருங்கள். தகவலாளி அழைத்தார், குழுவாகச் சென்றோம், எம்மைக் கண்டு பதற்றமடைந்தார், சாரத்து மடியில் பொதி. பத்திலும் ஒரே வசனம், பத்திலும் ஒரே சாரம். அதிலொருவர் காற்சட்டை போட்டிருந்தாலும் சாரத்து மடிதான். ஆனால் ஒவ்வொரு சட்டத்தரணியிடமும் இருப்பது ஒரு கோவை. அடுக்கிப் பார்க்கும் வேலை ஒருவருக்கும் ஒதுக்கப்படவில்லை.

ஒற்றைக் கோவையில் பார்க்க வேண்டியது பொருளின் பயணம். எங்கே நிறுத்தார்கள்? அநேகமாக ஒரு அடகுக் கடைத் தராசில். கடைக்காரர் சாட்சிப் பட்டியலில் இருக்கிறாரா? சந்தேகநபர் முன்னிலையில் முத்திரை வைத்தார்களா? சான்றுப்பொருள் பதிவேட்டு இலக்கம் என்ன, யாரிடமிருந்து யாரிடம் போனது, அரச இரசாயனப் பகுப்பாய்வாளரிடம் போகும்வரை எத்தனை நாள் யாருடைய அலுமாரியில்? பிடித்த நிறை மொத்த நிறை. பகுப்பாய்வு சொல்வது தூய ஹெரோயின் அளவு. இரண்டும் வேறாக இருப்பது இயல்பு. ஆனால் பகுப்பாய்வாளர் பெற்ற மொத்த நிறை நிலையத்தில் நிறுத்ததைவிடக் கூடியிருந்தால், அது வழியில் வளர்ந்த பொருள்.

இணுவிலான் — ஒக்டோபர் 7, காலை 6.30

சரி, எல்லாம் சேத்தாச்சு. ஆரிட்டைக் கொண்டுபோறது? நிலையத்துக்கு எதிரான முறைப்பாட்டை அதே நிலையத்திலையோ?

கறுப்புக்கோட்டு — ஒக்டோபர் 7, காலை 7.45

உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு. அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை, ஒரு மாதத்துக்குள் போட வேண்டும். ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால் விசாரணை நடக்கும் காலம் கணக்கில் வராது, ஆகவே யாழ் பிராந்திய அலுவலகத்துக்குப் போனால் போதும்.

கறுப்புக்கோட்டு — ஒக்டோபர் 7, காலை 9.10

மேலே “போதும்” என்று எழுதியதை வெட்டுங்கள். மனித உரிமைகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 13(1)ஆம் பிரிவு காப்பது, ஆணைக்குழு முன் விசாரணை நிலுவையில் இருக்கும் காலத்தை. வெறும் முறைப்பாட்டுப் பற்றுச்சீட்டு மட்டும் காட்டியவர்களின் மனு காலம் கடந்தது என்று தள்ளப்பட்டிருக்கிறது. விசாரணை தொடங்கியதைக் காட்டும் கடிதம், திகதி போட்ட அழைப்பு, ஏதாவது கையில் வேண்டும். தடுப்பிலிருந்து சட்டத்தரணியைக் காண முடியாதவருக்கு நீதிமன்றம் நாளை இளக்கிக் கணக்குப் பார்த்ததுண்டு. அதை நம்பி இருந்துவிட வேண்டாம்.

தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கும் எழுதலாம், ஒழுக்காற்று அதிகாரம் அங்கே. ஆனால் கீழ் விசாரணை பல வேளை பொலிஸ் உத்தியோகத்தரிடமே திரும்பி வரும். 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சித்திரவதைக்கு எதிரான சட்டத்தில் தண்டனை 7 தொடக்கம் 10 ஆண்டு. வழக்குத் தொடுப்பது சட்டமா அதிபர். கீழெல்லை ஏழு ஆண்டாக இருப்பதே அந்தச் சட்டத்தைக் கையிலெடுக்கத் தயங்க வைக்கிறது என்பது என் எண்ணம்.

எவ்வளவு காலம் எடுக்கும் என்று கேட்பீர்கள். மிரிஹானை விசேட குற்றத்தடுப்புப் பிரிவுச் சித்திரவதை மனு 2011இல் போடப்பட்டது. தேசபந்து தென்னகோன் உட்படப் பொலிஸார் பொறுப்பென்று உயர் நீதிமன்றம் சொன்னபோது 2023 டிசம்பர் 14. அதற்கிடையில் அவர் பதில் பொலிஸ் மா அதிபர் ஆகியிருந்தார்.

மாலுசந்தி — ஒக்டோபர் 7, இரவு 8.15

வாக்குமூல மொழி. வடக்கிலை நிருவாக மொழி தமிழ் எண்டு அரசியலமைப்பிலை கிடக்கு, ஆனால் சிங்களத்திலை எழுதிப்போட்டு ஒப்பம் கேக்கிறது நிக்கேல்லை. மறுக்க ஏலாத நிலை எண்டால் ஒப்பத்துக்கு மேலை தமிழிலை ஒரு வரி: “எனக்கு வாசித்து விளங்கப்படுத்தப்படவில்லை.” நேரத்தையும் எழுதுங்கோ. தமிழ் தெரியாத உத்தியோகத்தருக்கு அது முகவரி மாதிரித்தான் தெரியும்.

வயர்மேன் — ஒக்டோபர் 8, இரவு 9.50

முதல் நாள் எழுதினதிலை ஒரு பிழை. 1 டெராபைட்டிலை ஒரு மாசம் எண்டன். அசைவு வந்தால் மட்டும் பதியிற வீட்டுக் கமராவுக்குத்தான் அது. தொடர்ந்து பதிஞ்சால் கணக்கு இது: கமரா ஒண்டுக்கு செக்கனுக்கு 4 மெகாபிற் எண்டால் நாளுக்கு 43 கிகாபைட். ஆறு கமரா, 259. தட்டு நாலு நாளுக்குள்ளை நிரம்பித் தன்ர வாலைத் தானே தின்னத் தொடங்கும். 2 மெகாபிற்றுக்குக் குறைச்சால் ஏழரை நாள் கிட்ட. இந்திய உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரிலை நிலையக் கமராப் பதிவை 18 மாசம் வைச்சிருக்கச் சொன்னது. அதுக்கு இந்த 2 மெகாபிற் கணக்கிலையே 71 டெராபைட் வேணும். இணுவிலான்ர மோட்டச்சைக்கிள் காசு தட்டுக்கே காணாது.

ஆகவே நிலையத்துக் கமராவை விடுங்கோ, சந்தியிலை இருக்கிற கடைக் கமராதான் உதவும். ஆளை ஏத்தின ஜீப் எத்தினை மணிக்குப் போனதெண்டு அதிலை கிடக்கும், ஆனால் நாலு நாள்தான். கடைக்காரரிட்டை முதல் நாளே போய், பெட்டியின்ர திரையையும் உங்கடை போன் நேரத்தையும் ஒரே படத்துக்குள்ளை எடுங்கோ. பெட்டி மணிக்கூடு பத்துப் பதினைஞ்சு நிமிசம் பிந்தி ஓடுறது சாதாரணம். திரையைப் போனாலை படம் பிடிச்சது காணாது. பெட்டியிலையிருந்து நேரை பென்ரைவுக்கு இறக்குங்கோ, பாக்கிற மென்பொருளையும் சேத்து.

கறுப்புக்கோட்டு — ஒக்டோபர் 8, இரவு 10.05

விசாரணைக்கு என்று பொலிஸே வந்து கடைக்காரரின் பெட்டியைக் கொண்டுபோனால்?

வயர்மேன் — ஒக்டோபர் 8, இரவு 10.12

பற்றுச்சீட்டு வாங்கவேணும். அதிலை பெட்டியின்ர தொடரிலக்கத்தை மட்டும் எழுதினால் காணாது. மூடியைக் கழட்டி உள்ளை இருக்கிற தட்டின்ர தொடரிலக்கத்தையும் எழுதுவியுங்கோ, நாலு திருகாணிதான். இல்லாட்டில் தட்டு மாறி, வெறும் பெட்டியா திரும்பி வந்தாலும் பற்றுச்சீட்டுச் சரியாத்தான் இருக்கும்.